பிறவி இதய நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற இளையோரின் சிறுநீரக நலம்

பிறவி இதய நோய் என்பது கருவில் இதயம் உருவாகும்போதே அதன் சுவர்களிலோ, வால்வுகளிலோ, அதனோடு இணைந்த பெரிய இரத்தக் குழாய்களிலோ ஏற்படும் அமைப்புக் குறைபாடு ஆகும். உயிருடன் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இக்குறைபாடு காணப்படுகிறது. இவற்றில் சில தாமாகவே சரியாகிவிடுகின்றன. சிலவற்றுக்கு மருந்தோ கதீட்டர் வழிச் சிகிச்சையோ போதும். கடுமையானவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பள்ளி, கல்லூரி, வேலை, திருமணம் என வாழ்வின் எல்லாப் படிகளையும் எட்டுகின்றனர்.

ஆனால், சீர்செய்யப்பட்ட இதயத்தோடு வளரும் இவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லத் திறன் இழக்கின்றன. இது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இன்றி நிகழ்வதால், "ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று குடும்பம் நினைத்திருக்கும் ஆண்டுகளில் கவனிக்கப்படாமல் போகிறது. எளிய இரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை, இரத்த அழுத்த அளவீடு ஆகிய மூன்றும் இதனை முன்கூட்டியே காட்டிவிடும்.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானவை. ஆயினும், ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றினால், அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர் சிறுநீரகங்களின் வழியே செல்லும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் கிளாமருலஸ் எனப்படும் மெல்லிய இரத்தக்குழாய் முடிச்சு ஒன்று இருக்கிறது. அதுவே வடிகட்டி. ஒரு நாளில் இவ்வடிகட்டிகள் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை நெஃப்ரானின் நுண்குழல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

வடிகட்டும் வேலை அழுத்தத்தால் நடப்பது. தமனியின் பக்கம் போதுமான அழுத்தம் இருக்க வேண்டும். அதே நேரத்தில், இரத்தம் வெளியேறும் சிரையின் பக்கம் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய வாய்க்காலில் நீர் வந்தால் மட்டும் போதாது, வடிகாலும் அடைபடாமல் இருக்க வேண்டும் என்பதைப் போன்றது இது. இதயம் பலவீனமாக இரத்தத்தைத் தள்ளினால் வரத்துக் குறைகிறது. இதயத்தின் வலப்பக்கம் இரத்தம் தேங்கினால் வடிகால் அடைபடுகிறது. பிறவி இதய நோயில் இவை இரண்டில் ஒன்றோ இரண்டுமோ நேரலாம்.

வரலாற்றுப் பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை கடுமையான பிறவி இதய நோயுடன் பிறந்த குழந்தைகள் நடுவயதை எட்டுவது அரிது. 1938இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ், பிறந்தபின் மூடாமல் இருந்த தமனி நாளத்தை ஒரு சிறுமிக்கு வெற்றிகரமாகக் கட்டி அடைத்தார். 1944இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளாலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ் ஆகியோரின் கூட்டு முயற்சியால், நீலம் பாய்ந்த குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழி செய்யும் இணைப்பு அறுவை உருவானது.

1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் ஓர் இளம்பெண்ணின் இதய மேலறைத் தடுப்புச் சுவரில் இருந்த ஓட்டையை மூடினார். இதயத்தைத் திறந்து வைத்து வேலை செய்ய இயலும் என்பதை இது உறுதிப்படுத்தியது. 1968இல் பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபான்டான், இரண்டு கீழறைகளில் ஒன்று பயன்படாத நிலையில் உள்ளவர்களுக்கான அறுவை முறையைத் தொடங்கினார்.

இம்முன்னேற்றங்களின் பயனாக, வளர்ந்த நாடுகளில் பிறவி இதய நோயுடன் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரியவர்களாகின்றனர். அந்நாடுகளில் இன்று இந்நோயுள்ள குழந்தைகளைவிடப் பெரியவர்களின் எண்ணிக்கையே மிகுதி. உயிர் பிழைப்பதே கேள்வியாக இருந்த காலத்தில் சிறுநீரகத்தைப் பற்றி நினைக்க வாய்ப்பில்லை. பிழைத்தவர்கள் நீண்டகாலம் வாழத் தொடங்கிய பிறகே அக்கேள்வி முன்னுக்கு வந்தது. லண்டனின் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனை மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பிறவி இதய நோயுள்ள 1102 பெரியவர்களை ஆராய்ந்தது. அவர்களின் சராசரி வயது 36 மட்டுமே. ஆயினும், பாதிப்பேருக்குச் சிறுநீரகத் திறன் இயல்பைவிடக் குறைந்திருந்தது. 41 விழுக்காட்டினருக்குக் குறைவு இலேசாகவும், 9 விழுக்காட்டினருக்கு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்களிடையே இறப்பும் மிகுந்திருந்தது.

சிறுநீரகம் பாதிக்கப்படும் வழிகள்

பிறப்பிலேயே அமையும் காரணங்கள்

நெஃப்ரான்கள் உருவாவது கருக்காலத்தின் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் புதிய நெஃப்ரான் ஒன்றுகூட உருவாவதில்லை. பிறவி இதய நோயுள்ள குழந்தைகள் குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். இவர்களின் நெஃப்ரான் கையிருப்புத் தொடக்கத்திலேயே குறைவாக இருக்கக்கூடும். குறைந்த எண்ணிக்கையில் உள்ள நெஃப்ரான்கள் கூடுதல் வேலை செய்து காலப்போக்கில் தேய்கின்றன என்ற கருத்தை 1988இல் பேரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் முன்வைத்தனர்.

மேலும், இதயமும் சிறுநீரகமும் கருவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாகின்றன. ஆகவே சில மரபணுக் கோளாறுகள் இரண்டையும் ஒருங்கே பாதிக்கின்றன. டர்னர் கூட்டறிகுறியில் பெருந்தமனிக் குறுக்கத்துடன் இரு சிறுநீரகங்களும் ஒட்டிய குதிரைலாட வடிவச் சிறுநீரகம் காணப்படலாம். வில்லியம்ஸ் கூட்டறிகுறியில் பெருந்தமனியின் தொடக்கப் பகுதியோடு சிறுநீரகத் தமனியும் குறுகியிருக்கலாம். டிஜார்ஜ் கூட்டறிகுறியில் ஒரு சிறுநீரகமே இல்லாமலும் இருக்கலாம். இதனால், இத்தகைய குழந்தைகளுக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் சோதனை ஒருமுறையேனும் செய்யப்படுவது வழக்கம்.

அறுவைக்கு முன்பு

ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலெங்கும் செல்வதால் உதடும் நகமும் நீலமாகத் தோன்றும் நிலையில், உடல் அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களை மிகுதியாக உண்டாக்குகிறது. இதனால் இரத்தம் தடித்து, மெல்லிய கிளாமருலஸ் குழாய்களில் மெதுவாக ஓடுகிறது. கிளாமருலஸ்கள் வீங்கிப் பெரிதாகின்றன. பிறகு சிறுநீரில் புரதம் கசிகிறது. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பு விழுகிறது. அறுவைச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் சிறுநீரகத்துக்கும் இழப்பே என்பது இதிலிருந்து விளங்கும்.

அறுவையின்போது

இதயத்தை நிறுத்தி வேலை செய்யும்போது, இதய-நுரையீரல் இயந்திரமே இரத்தத்தைச் சுற்றுகிறது. இயந்திரத்தின் ஓட்டம் இயல்பான துடிப்போட்டத்தைப் போன்றதன்று. செயற்கைக் குழாய்களின் பரப்பில் உராயும்போது சிவப்பணுக்கள் சில உடைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரக நுண்குழல்களுக்குத் தீங்கு செய்கிறது. உடலெங்கும் அழற்சி தூண்டப்படுகிறது. அறுவை முடிந்த முதல் நாள் இதயத்தின் தள்ளும் ஆற்றல் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு. இவை அனைத்தும் சேர்ந்து திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை ஏற்படுத்துகின்றன.

குழந்தைகளுக்கான இதய அறுவைகளுக்குப் பின் இத்தகைய பாதிப்பு, பல ஆய்வுகளின்படி, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரையான குழந்தைகளிடம் ஏதேனும் ஓர் அளவில் காணப்படுகிறது. பச்சிளங் குழந்தைகள், சிக்கலான அறுவை, இயந்திரத்தில் நீண்ட நேரம் இருத்தல், மீண்டும் மீண்டும் அறுவை ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் சிறுநீர் நன்கு பிரிந்து, சோதனை அளவுகளும் இயல்புக்குத் திரும்பிவிடுகின்றன. எனினும், அளவு இயல்புக்கு வந்தது என்பதாலேயே எல்லா நெஃப்ரான்களும் மீண்டுவிட்டன என்று கொள்ள முடியாது. எஞ்சியவை கூடுதல் சுமையைச் சுமந்து இழப்பை மறைத்திருக்கலாம்.

அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில்

சீர்செய்த இதயத்திலும் வால்வுக் கசிவு, கீழறைப் பலவீனம், சீரற்ற துடிப்பு போன்ற எச்சக் குறைகள் இருக்கலாம். கதீட்டர் சோதனையிலும் சி.டி. ஸ்கேனிலும் செலுத்தப்படும் அயோடின் சாயம், ஜென்டமைசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பிகள், சில வலி மாத்திரைகள் ஆகியவை சிறுநீரகத்துக்குச் சுமை தருபவை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிதாயினும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன.

முக்கியக் குறைபாட்டு வகைகள்

ஃபாலோட் நான்மை

கீழறைத் தடுப்புச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம், பெருந்தமனி இடம் பெயர்ந்திருத்தல், வலக் கீழறைச் சுவர் தடித்தல் ஆகிய நான்கும் சேர்ந்தது ஃபாலோட் நான்மை. 1888இல் இதனை விரிவாக விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன்-லூயி ஃபாலோட்டின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. முழுமையாகச் சீர்செய்தபின் நீலம் மறைந்துவிடும். ஆனால் பலருக்கு நுரையீரல் வால்வு ஆண்டுக்கணக்கில் கசிந்து வலக் கீழறை விரிவடைகிறது. அதனால் சிரைகளில் இரத்தம் தேங்கும்போது சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. உரிய காலத்தில் வால்வு மாற்றுவது இதயத்துக்கு மட்டுமன்றிச் சிறுநீரகத்துக்கும் நன்மையே.

பெருந்தமனிக் குறுக்கம்

பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பதால், குறுக்கத்துக்குக் கீழே உள்ள சிறுநீரகங்களுக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைகிறது. உடலில் இரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் கருதி, ரெனின் என்ற பொருளைச் சுரந்து இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. குறுக்கத்தை அகற்றியபின்னும் பலருக்கு உயர் இரத்த அழுத்தம் நீடிக்கிறது, அல்லது பின்னாளில் திரும்புகிறது. இவர்களுக்கு இரத்த அழுத்தத்தை வலக் கையில் அளப்பதே பொதுவான முறை. சில அறுவைகளில் இடக் கைக்குச் செல்லும் தமனி பயன்படுத்தப்படுவதால், அக்கையில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். அதேபோல, பழைய முறையில் பிளாலாக்-டாசிக் இணைப்புச் செய்யப்பட்டவர்களுக்கு, எந்தப் பக்கம் இணைப்புச் செய்யப்பட்டதோ அந்தக் கையில் அளக்கக் கூடாது.

ஃபான்டான் இரத்த ஓட்டம்

ஒரே கீழறையுடன் வாழ்பவர்களுக்கு, உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் துணையின்றி நேரே நுரையீரலுக்குச் செல்லுமாறு பெருஞ்சிரைகள் நுரையீரல் தமனியுடன் இணைக்கப்படுகின்றன. தள்ளுவதற்கு ஒரு கீழறை இல்லாததால், சிரைகளில் உள்ள அழுத்தமே இரத்தத்தை முன்னே செலுத்த வேண்டும். எனவே இவர்களின் சிரை அழுத்தம் வாழ்நாள் முழுவதும் உயர்ந்தே இருக்கும்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கு காட்டும். சிறுநீரகத்தின் வழியே இரத்தத்தைச் செலுத்தும் அழுத்தம் என்பது சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து சிரை அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. இயல்பான இளைஞர் ஒருவருக்கு அவை முறையே 80, 4 மி.மீ. பாதரசம் எனில் எஞ்சுவது 76. ஃபான்டான் ஓட்டம் உள்ள ஒருவருக்கு 72, 14 எனில் எஞ்சுவது 58 மட்டுமே. வரத்தும் குறைந்து, வடிகாலும் அடைபட்ட நிலை இது. ஆகவேதான் ஃபான்டான் அறுவை பெற்றவர்களுக்குக் கல்லீரலைப் போலவே சிறுநீரகமும் சிறப்புக் கண்காணிப்புக்கு உரியதாகிறது.

அறிகுறிகள்

தொடக்க நிலையில் அறிகுறி எதுவும் இராது என்பதே முதன்மையாக நினைவில் கொள்ள வேண்டியது. சிறுநீரகத்தின் திறன் பாதிக்கு மேல் குறைந்த பின்னும் ஒருவர் வழக்கம்போலப் படிக்கவும் விளையாடவும் கூடும். பின்வருவன தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்:

• சிறுநீரில் நுரை கட்டி நீண்ட நேரம் அடங்காதிருத்தல்
• சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைதல், அல்லது தேநீர் நிறத்திலோ சிவப்பாகவோ போதல்
• காலையில் முகமும் கண் இமைகளும், மாலையில் கால்களும் வீங்குதல்
• சில நாட்களுக்குள் உடல் எடை திடீரெனக் கூடுதல்
• தொடர் தலைவலி, காரணமற்ற சோர்வு, பசியின்மை, குமட்டல்

வீக்கமும் சோர்வும் இதயத்தாலும் ஏற்படலாம், சிறுநீரகத்தாலும் ஏற்படலாம். எதனால் என்பதைச் சோதனையே சொல்லும்.

சோதனைகள்

கிரியாட்டினின்

தசைகள் இயங்கும்போது உண்டாகும் கழிவுப் பொருளான கிரியாட்டினினைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது குழந்தைகளிடம் தவறாக முடியும். 1 முதல் 16 வயதுவரை உள்ளவர்களுக்கு வடிகட்டும் வீதத்தை மதிப்பிடப் பயன்படும் சுவார்ட்ஸ் வாய்பாடு எளியது: சென்டிமீட்டரில் உயரத்தை 0.413ஆல் பெருக்கி, மி.கி./டெ.லி. அலகில் உள்ள கிரியாட்டினினால் வகுக்க வேண்டும்.

120 செ.மீ. உயரமுள்ள ஒரு குழந்தைக்குக் கிரியாட்டினின் 0.5 எனில் வடிகட்டும் வீதம் ஏறத்தாழ 99. இது இயல்பானது. அதே குழந்தைக்குக் கிரியாட்டினின் 1.0 எனில் வீதம் ஏறத்தாழ 50 மட்டுமே, அதாவது திறன் பாதியாகிவிட்டது. ஆனால் 1.0 என்பது வளர்ந்த ஆணுக்கு இயல்பான அளவு. ஆய்வக அறிக்கையில் பெரியவர்களுக்கான வரம்பு மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், "எல்லாம் நார்மல்" என்று வீட்டார் நிம்மதியடைந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே எண்ணை அல்ல, உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்ட வீதத்தையே கேட்டறிய வேண்டும்.

சிஸ்டாட்டின்-சி

நீண்டகாலம் நோயுற்றிருந்த இளையோருக்கு, குறிப்பாக ஃபான்டான் ஓட்டம் உள்ளவர்களுக்கு, தசைப் பருமன் குறைவாக இருப்பது வழக்கம். தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறைவாகவே உண்டாகும். அப்போது சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பது இங்கே தெளிவு தரும். இதற்கு மாறாக, உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கப்படும் கிரியாட்டின் மாவை உட்கொள்பவர்களுக்குக் கிரியாட்டினின் பொய்யாக உயர்ந்து காட்டலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் அல்புமின்

நல்ல வடிகட்டி அல்புமின் புரதத்தைக் கசிய விடாது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கு மேல் அல்புமின் இருப்பது பாதிப்பின் தொடக்க அடையாளம். வளரிளம் பருவத்தினர் சிலருக்கு நெடுநேரம் நின்றாலே சிறிது புரதம் கசியும், படுத்தெழுந்தால் மறையும். இது தீங்கற்றது. இக்குழப்பத்தைத் தவிர்க்கக் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

அறுவைக்குப் பின் உடனடிச் சோதனை

திடீர்ப் பாதிப்பில் கிரியாட்டினின் உயர ஒன்றிரண்டு நாட்கள் ஆகின்றன. 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டி மருத்துவர்கள், இதய அறுவை பெற்ற 71 குழந்தைகளை ஆராய்ந்து, 'என்கால்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் பாதிப்பு நேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சிறுநீரில் உயர்வதைக் கண்டனர். சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே அறியும் முயற்சிகளுக்கு இக்குழந்தைகளின் வழியே பெரும் ஊக்கம் கிடைத்தது.

நாட்பட்ட சிறுநீரக நோய்

வடிகட்டும் வீதம் 60க்குக் கீழ் இருப்பதோ, அல்புமின் கசிவு முதலிய பாதிப்பு அடையாளம் இருப்பதோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படுகிறது. வீதத்தைப் பொறுத்து நோய் ஐந்து நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. 15க்குக் கீழ் குறைவது ஐந்தாம் நிலை. அந்நிலையில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படலாம். பிறவி இதய நோயுள்ள இளையோரில் பெரும்பாலோர் முதல் இரண்டு நிலைகளிலேயே உள்ளனர். பாதிப்பை மெதுவாக்கப் பயன் மிகுந்த காலமும் அதுவே.

பாதுகாக்கும் முறைகள்

மருந்துக் கடையில் விழிப்பு

தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் மருந்துச் சீட்டு இன்றி வாங்கப்படும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்லும் நுண்தமனிகளைச் சுருங்கச் செய்கின்றன. இதய நோயுள்ளவர்கள் இவற்றைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய அளவில் பாரசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. இதய மருத்துவர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு நோக்கத்துக்கானது. அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. தரம் சோதிக்கப்படாத, உலோகங்கள் கலந்த மருந்துத் தயாரிப்புகளையும் தவிர்க்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில்

ஃபியூரோசமைட் போன்ற நீர் மாத்திரைகளும் எனலாப்ரில் போன்ற மருந்துகளும் இதயத்துக்கு நன்மை செய்பவை. எனலாப்ரில் வகை மருந்துகள் வடிகட்டியின் உள் அழுத்தத்தைக் குறைத்து நீண்டகால நோக்கில் சிறுநீரகத்தையும் காக்கின்றன. ஆனால் வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீர் வற்றிய நாட்களில் இதே மருந்துகள் திடீர்ப் பாதிப்பை உண்டாக்கலாம். அத்தகைய நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது, எந்த நிலையில் மருத்துவமனைக்கு வருவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

நீரும் உப்பும்

"நிறையத் தண்ணீர் குடி" என்ற பொது அறிவுரை இவர்கள் எல்லாருக்கும் பொருந்தாது. நீலம் உள்ளவர்களுக்கு நீர் வற்றினால் இரத்தம் மேலும் தடிக்கும், ஆகவே தாகத்தோடு இருக்கக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கோ மிகுதியான நீர் வீக்கத்தைக் கூட்டும். நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். உப்பைக் குறைப்பது பெரும்பாலோருக்கும் நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் உப்பு மிகுதி.

இரத்த அழுத்தமும் பற்களும்

உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தேய்க்கிறது. தேய்ந்த சிறுநீரகம் அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. இச்சுழலை முதலிலேயே அறுக்க ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் சரியான கையில், சரியான அளவுள்ள பட்டையால் அழுத்தத்தை அளக்க வேண்டும். பல் சொத்தையிலிருந்தும் ஈறு நோயிலிருந்தும் இரத்தத்தில் நுழையும் கிருமிகள் இதய உள்ளுறை அழற்சியை உண்டாக்கலாம். அது சிறுநீரகத்தின் வடிகட்டிகளையும் தாக்கும். காலையும் இரவும் பல் துலக்குவதும் பல் மருத்துவரைத் தவறாமல் காண்பதும் இந்த வகையில் சிறுநீரகப் பாதுகாப்பே.

சாயம் செலுத்தும் சோதனைகள்

ஸ்கேனுக்கோ கதீட்டர் சோதனைக்கோ செல்லும்போது, முன்பு சிறுநீரகப் பாதிப்பு இருந்ததா என்பதை அங்குள்ளவர்களிடம் சொல்ல வேண்டும். சாயத்தின் அளவைக் குறைப்பது, நீர்ச்சத்தைச் சரிசெய்வது, சாயம் தேவைப்படாத வேறு சோதனையைத் தேர்வது ஆகியவை அப்போது இயலும்.

வளரிளம் பருவமும் தொடர் கண்காணிப்பும்

பதினைந்து வயதுக்கு மேல் பலர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். உடலில் தொல்லை இல்லை, தேர்வுகள் வருகின்றன, குழந்தைகள் பிரிவில் உட்காரக் கூச்சம், நெஞ்சில் உள்ள தழும்பைப் பற்றிப் பேச விருப்பமின்மை எனக் காரணங்கள் பல. அதுவரை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவர் பெரும்பாலும் தாயாகவே இருப்பார். பிள்ளை வெளியூர் விடுதிக்குச் சென்றதும் அந்த நினைவும் தொடர்பும் அறுந்துபோகின்றன.

எனவே, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே தம் நோயின் பெயர், செய்த அறுவையின் பெயர், உண்ணும் மாத்திரைகள், அளக்க வேண்டிய கை, கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம், கிரியாட்டினின், வடிகட்டும் வீதம் ஆகியவற்றை இளையோர் தாமே சொல்லப் பழக வேண்டும். பழைய அறுவைக் குறிப்புகளின் நகலை ஒரு கோப்பிலும் கைப்பேசியிலும் வைத்திருப்பது புதிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மருத்துவர் வேறு கால அளவு சொல்லாதவரை, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்ப்பது பயனுள்ளது.

இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம், பிறப்பு முதல் 18 வயதுவரையான குழந்தைகளிடம் பிறவி இதய நோய் உள்ளிட்ட குறைபாடுகளைக் கண்டறிய வழி செய்கிறது. 18 வயதைக் கடந்தபின் தொடர்ச்சி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கையிலும் இளைஞரின் கையிலுமே உள்ளது.

கருத்தரிப்பு

கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவும் சிறுநீரகத்தின் வேலையும் கணிசமாகக் கூடுகின்றன. எனவே, பிறவி இதய நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் காண வேண்டும். எனலாப்ரில் வகை மருந்துகள் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிப்பவை என்பதால், அவற்றை உரிய நேரத்தில் மாற்ற வேண்டும். மருந்தை மறைப்பதும், அச்சத்தால் எல்லா மருந்துகளையும் தாமாக நிறுத்துவதும் இரண்டுமே தீங்கானவை.

சிகிச்சை

அறுவையை ஒட்டி ஏற்படும் திடீர்ப் பாதிப்பில், இரத்த அழுத்தத்தையும் நீர் அளவையும் சரியாகப் பேணுவதும் தீங்கான மருந்துகளைத் தவிர்ப்பதும் முதன்மையானவை. சிறுநீர் பிரியாத பச்சிளங் குழந்தைகளுக்கு, வயிற்றினுள் சிறு குழாய் வைத்துக் கரைசலைச் செலுத்தி வெளியேற்றும் வயிற்றுவழி டயாலிசிஸ் பல மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. இது பெரும்பாலும் சில நாட்களுக்கே தேவைப்படும்.

நாட்பட்ட நிலையில், முதலில் இதயத்தில் சரிசெய்யத்தக்க எச்சக் குறை ஏதேனும் உள்ளதா என்று பார்க்கப்படுகிறது. கசியும் வால்வையோ மீண்டும் குறுகிய பெருந்தமனியையோ சரிசெய்தால் சிறுநீரகத்தின் சுமை குறையும். அதனுடன் இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, அல்புமின் கசிவைக் குறைக்கும் மருந்துகள், டைகாக்சின் போன்று சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்துகளின் அளவைத் திருத்துதல், இரத்தசோகைக்கும் எலும்பு நலத்துக்குமான கவனிப்பு ஆகியவை சேர்கின்றன. இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் இணைந்து முடிவெடுப்பதே இதில் சிறந்தது.

இழந்த நெஃப்ரானைத் திரும்பப் பெற வழியில்லை. எஞ்சியிருப்பதைப் பல பத்தாண்டுகள் காக்க வழியுண்டு. அதற்குத் தேவைப்படுவது ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுது, ஒரு குப்பிச் சிறுநீர், சிறிதளவு இரத்தம், சரியான கையில் ஓர் அளவீடு.